தோட்டத்து வீட்டுக்கு இணையம்: ஜேடர்பாளையத்தை வைத்து ஒரு திட்டம்

ஊருக்குள் தெருவோடு வீடு இருப்பவர்களுக்கு இந்த அத்தியாயம் பெரும்பாலும் தேவைப்படாது. கேபிள்காரரிடம் சொன்னால் கண்ணாடி இழையை வீட்டு வாசல் வரை இழுத்துக் கொடுத்துவிடுவார். இழை கிடைக்கும் இடத்தில் ரேடியோவுக்குச் செலவழிப்பது வீண். இது தோட்டத்தில் குடியிருப்பவர்களுக்கானது.

கொங்கு நாட்டில் பாதி ஊர் ஊருக்குள் இருப்பதில்லை. ஜேடர்பாளையம், கபிலர்மலை, பரமத்தி வேலூர் வட்டாரத்தில் கரும்புக்கும் வாழைக்கும் தென்னைக்கும் நடுவே, அவரவர் பூமியிலேயே வீடு கட்டிக் குடியிருக்கிறார்கள். இப்படிப்பட்ட இரண்டு சாளை வீடுகளுக்கு இடையே கால் கிலோமீட்டர், அரைக் கிலோமீட்டர் என்று இடைவெளி. ஒற்றை வீட்டுக்காக ஒன்றரைக் கிலோமீட்டர் இழை இழுத்தால் எந்த நிறுவனத்துக்கும் கட்டாது. இழுத்தாலும் டிராக்டரோ பொக்லைனோ அறுத்துவிடும். கைப்பேசிக் கோபுரத்தின் சிக்னல் வரப்பில் நின்றால் கிடைக்கும். வீட்டுக்குள் போனால் போய்விடும். பிலிக்கல்பாளையம் ஏலத்தில் வெல்லம் என்ன விலைக்குப் போனது, நாமக்கல் மண்டலத்தில் இன்றைக்கு முட்டை விலை என்ன, பிள்ளையின் பள்ளிக்கூடத்தில் என்ன பாடம் அனுப்பினார்கள் என்று பார்க்க மொட்டை மாடிக்கு ஏற வேண்டியிருக்கிறது. இப்படிச் சிதறிக் கிடக்கும் வீடுகளைச் சேர்க்க ரேடியோவை விடச் சிக்கனமான வழி இல்லை.

ஆனால் ரேடியோவைக் கடைசியில் வாங்குங்கள். யார் பெயரில், யார் இடத்தில், எந்த மின்சாரத்தில், யார் பராமரிப்பில் என்ற நான்கும் முடிவாகும் முன் கருவி வாங்கிய ஊர்களில் அது பெட்டியோடு தூசி படிந்து கிடக்கும்.

யார் பெயரில்

கண்ணுக்குத் தெரியாத அலைதானே, யாரைக் கேட்க வேண்டும் என்று நினைக்க வேண்டாம். அலைவரிசைக்கு உரிமம், இணையத்தை விற்பதற்கு உரிமம் என இதில் இரண்டு தனித்தனி விஷயங்கள் இருக்கின்றன.

முதலாவது எளிது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை வெளிப்புறத்தில் உரிமம் இல்லாமல் பயன்படுத்த 2005 ஜனவரியில் மத்திய அரசு வழிவிட்டது. 5 கிகாஹெர்ட்ஸ் பகுதியின் பெரும்பங்கை 2018 அக்டோபரில் திறந்துவிட்டது. வாங்கும் கருவி மத்திய அரசின் வகை ஒப்புதல் பெற்றதாக இருக்க வேண்டும். அதன் அமைப்பில் நாடு என்ற இடத்தில் இந்தியாவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அப்படி வைத்தால் அனுமதித்த வலிமைக்கு மேல் கருவி போகாது. வேறு நாட்டைப் போட்டு வலிமையைக் கூட்டிக் கொடுக்கும் ஆட்கள் உண்டு. அவர்கள் பேச்சைக் கேட்க வேண்டாம்.

இரண்டாவதில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். ஒரு வீட்டுக்கு வாங்கிய பிராட்பேண்டை நாற்பது வீட்டுக்குப் பிரித்துக் காசு வாங்குவது சட்டப்படி செல்லாது. நேர் வழிகள் இரண்டு உண்டு. ஒன்று, மத்திய அமைச்சரவை 2020 டிசம்பரில் ஒப்புதல் தந்த பி.எம். வானி திட்டம். இதில் டீக்கடையோ மளிகைக் கடையோ சங்கக் கட்டடமோ ‘பொதுத் தரவு அலுவலகம்’ ஆகலாம். உரிமம், பதிவு, கட்டணம் எதுவும் இல்லை. பதிவு பெற்ற ஒரு தொகுப்பாளரோடு சேர வேண்டும். பயனாளியின் கைப்பேசி எண்ணைச் சரிபார்ப்பதையும் கணக்கையும் தொகுப்பாளர் பார்த்துக்கொள்வார். இத்தகைய அலுவலகங்களிடம் இணைய நிறுவனங்கள் அதிகக் கட்டணம் கேட்கின்றன என்ற குறை நெடுநாள் இருந்தது. 2025 ஜூனில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் அதற்கு வரம்பு கட்டியது. 200 எம்.பி.பி.எஸ். வரையிலான வீட்டு இழைத் திட்டங்களுக்கு வீட்டு விலையைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் வாங்கக் கூடாது. ஜேடர்பாளையத்தின் படுகை அணைப் பூங்கா, மீன் கடைகள், பேருந்து நிறுத்தம் போன்ற பொது இடங்களுக்கு இந்த வழி பொருந்தும்.

தோட்டத்து வீடுகளுக்கு மாத இணைப்புத் தருவதென்றால் உரிமம் உள்ள இணைய நிறுவனத்தின் கீழ்தான் செய்ய வேண்டும். உங்கள் ஊர் கேபிள்காரர் ஏற்கனவே அப்படி ஒரு நிறுவனத்தின் முகவராக இருப்பார். அவரைப் போட்டியாளராகப் பார்க்காதீர்கள். கம்பமும் ரேடியோவும் பேட்டரியும் ஊர்ச் சங்கத்துக்குச் சொந்தம், இணைப்பும் ரசீதும் அவர் பொறுப்பு என்று எழுத்தில் ஒப்பந்தம் போட்டுக்கொள்ளுங்கள். என் கருத்தில் ஜேடர்பாளையம் போன்ற ஊருக்கு இதுவே நிலைக்கும் வழி. தமிழ்நாடு பைபர்நெட் நிறுவனம் 12,525 ஊராட்சிகளுக்கும் இழை கொண்டுவரும் வேலையை எடுத்திருக்கிறது. உங்கள் ஊராட்சி அலுவலகத்தில் அந்த இழைக்கான இணைப்புப் பெட்டி வந்து ஓடுகிறதா என்று போய்ப் பாருங்கள். ஓடினால் மொத்த வரத்துக்கு அது இன்னொரு வாசல்.

சங்கம் என்றால் பதிவு செய்த சங்கம். 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவு செய்யலாம். உழவர் உற்பத்தியாளர் நிறுவனமோ மகளிர் குழுக் கூட்டமைப்போ ஏற்கனவே நன்றாக நடந்தால் அதன் கீழேயே ஒரு பிரிவாகத் தொடங்குவது இன்னும் நல்லது. வங்கிக் கணக்கும் வரவு செலவு எழுதும் பழக்கமும் அங்கே முன்பே இருக்கும். ஊராட்சியின் மேல்நிலைத் தொட்டியில் ஆன்டெனா வைக்க வேண்டுமென்றால் ஊராட்சித் தீர்மானம் வேண்டும். கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. ஒன்றில் பேசி, அடுத்ததற்குள் தீர்மானத்தை வாங்கிவிடுங்கள். தலைவரின் வாய்வார்த்தையை நம்பிக் கம்பம் நட்டால் அடுத்த தேர்தலுக்குப் பின் அதைப் பிடுங்கச் சொல்வார்கள்.

தென்னையும் காவிரியும்

5 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு நேர்ப் பார்வை வேண்டும். இங்கிருந்து பார்த்தால் அங்கே தெரிய வேண்டும் என்பதோடு முடியாது. இரண்டு ஆன்டெனாக்களுக்கும் நடுவே அலை உப்பிப் பரந்து போகிறது. 3 கிலோமீட்டர் இணைப்பில் நட்டநடுவில் அந்த உப்பலின் ஆரம் சுமார் 6 மீட்டர். 5 கிலோமீட்டரில் சுமார் 8 மீட்டர். அதில் அறுபது சதவீதமாவது காலியாக இருக்க வேண்டும். அதாவது 3 கிலோமீட்டர் தூரத்துக்கு, பார்வைக் கோட்டின் கீழும் பக்கவாட்டிலும் நாலு மீட்டர் வரை மரம் நுழையக் கூடாது.

கரும்பும் வாழையும் இதற்குத் தடையே இல்லை. தடை தென்னைதான். நெட்டைத் தென்னை 20 மீட்டரைத் தாண்டும். ஊராட்சித் தொட்டியின் தலையே அதற்குக் கீழேதான் நிற்கும். ‘வெயில் காலத்துல நல்லா வருதுங்க, மழை பேஞ்சா நின்னு போகுதுங்க’ என்று ஒரு வீட்டுக்காரர் சொன்னால் கருவியைச் சந்தேகிக்கும் முன் நடுவில் இருக்கும் தோப்பைப் பாருங்கள். காய்ந்த மட்டைகளின் சந்தில் தட்டுத் தடுமாறிப் போகும் சிக்னலை ஈர மட்டை விழுங்கிவிடும். ஆகவே சோதனையை மழை விட்ட கையோடு, இலை சொட்டும்போது செய்யுங்கள். அன்றைக்கு வரும் சிக்னல் எல்லா நாளும் வரும்.

கம்பத்தை உயர்த்திக்கொண்டே போவது தீர்வாகாது. உயரம் கூடக் கூடக் கம்பத்தின் விலையும் இடி விழும் ஆபத்தும் கூடும். மரமில்லாத பாதையைத் தேடுங்கள். ராஜா வாய்க்காலின் கரை, சாலையின் நேர் ஓட்டம், எல்லாவற்றுக்கும் மேலாகக் காவிரி. ஆற்றுப் படுகை மரமற்ற அகலப் பாதை. கரையோரத்து மாடி வீடு ஒன்றிலிருந்து கீழ்த்திசையில் உள்ள இன்னொரு கரையோர வீட்டுக்கு ஆற்றின் மேலேயே அலையை அனுப்பி, அங்கிருந்து உள்ளே திருப்பலாம். ஒரு தொல்லை உண்டு. தண்ணீர்ப் பரப்பு அலையைத் திருப்பி அடிக்கும். நேராக வந்ததும் தண்ணீரில் பட்டு வந்ததும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ள, மேட்டூரில் தண்ணீர் திறந்துவிட்ட நாளில் இணைப்பு காரணமில்லாமல் தள்ளாடும். ஒரு முனை ஆன்டெனாவை அரை மீட்டர், ஒரு மீட்டர் ஏற்றி இறக்கிப் பார்த்தால் தெளியும் உயரம் ஒன்று கிடைக்கும். ஆற்றில் நீர் நிறைய ஓடும்போதும் வற்றிய பிறகும் இரண்டு தடவை அளந்து, இரண்டுக்கும் ஒத்துவரும் உயரத்தில் கட்டிவிடுங்கள்.

கபிலர்மலை போன்ற குன்று கண்ணுக்குத் தெரிந்தால் ஆசை வரத்தான் செய்யும். கோயில் இடம் என்றால் அறநிலையத் துறையின் எழுத்து அனுமதி இல்லாமல் ஒரு ஆணிகூட அடிக்க வேண்டாம். மூன்று மாடி வீடுகள் இரண்டு கிடைத்தால் குன்று இல்லாமலே வேலையை முடிக்கலாம்.

அளவு சரியா என்று தெரிந்துகொள்ள ஒரு கணக்கு போதும். சட்டம் அனுமதிக்கும் முழு வலிமையில், 23 டி.பி.ஐ. பெருக்கமுள்ள சிறு தட்டு ஆன்டெனாவை மறுமுனையில் வைத்தால், தடையில்லாத 3 கிலோமீட்டரில் சுமார் −58 டி.பி.எம். சிக்னல் வர வேண்டும். பூஜ்யத்துக்கு நெருங்க நெருங்க நல்லது. −65க்குள் இருந்தால் கவலை வேண்டாம். −75 என்று காட்டினால் ஆன்டெனா திரும்பியிருக்கிறது, அல்லது மரம் மறைக்கிறது. அதை ஏற்றுக்கொண்டு கட்டிவிட்டு வராதீர்கள். கருவியின் அமைப்பில் தூரத்தைக் குறிக்கும் இடம் இருந்தால் சரியான கிலோமீட்டரைப் போடுங்கள். அலைத் தடத்தின் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸில் வையுங்கள். அகலத்தைக் கூட்டினால் வேகம் கூடும் என்று சொல்வார்கள். அக்கம்பக்கத்து இரைச்சலும் சேர்ந்தே கூடும்.

மின்சாரம்

இந்த அத்தியாயத்தில் ஒரு பகுதியை மட்டும் படிப்பதென்றால் இதைப் படியுங்கள்.

தேனியில் அரவிந்த் கண் மருத்துவமனை 2000களின் நடுவில் ஒரு வேலை செய்தது. சுற்றுவட்டாரச் சிற்றூர்களில் கண் பரிசோதனை மையங்களைத் திறந்து, நீண்ட தூர வைஃபை இணைப்பால் மருத்துவமனையோடு சேர்த்தது. மையத்தில் பயிற்சி பெற்ற பணியாளர் நோயாளியின் கண்ணைப் பரிசோதிப்பார். தேனியில் இருக்கும் மருத்துவர் திரையில் பார்த்துப் பேசுவார். கண் வலிக்காகக் கூலியை விட்டுவிட்டுப் பேருந்தேற வேண்டிய நிலை பலருக்கு ஒழிந்தது. தொழில்நுட்பத்துக்கு உதவியவர்கள் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி ஆய்வுக் குழுவினர். வைஃபை என்பது அறைக்குள் ஓடுவதற்காகச் செய்யப்பட்டது. அதைப் பல கிலோமீட்டருக்கு நீட்ட அவர்கள் அதன் உள்விதிகளையே திருத்தி எழுதினார்கள்.

கடினமான வேலை அதுதான் என்று யாரும் நினைப்பார்கள். இணைப்புகளை ஆண்டுக்கணக்கில் ஓட்டிப் பார்த்த பிறகு அதே குழு 2008இல் எழுதிய அறிக்கை வேறொன்றைச் சொன்னது. தேனியிலும் இமாச்சலப் பிரதேசத்தின் தரம்சாலாவில் இயங்கிய ஏர்ஜால்டி வலையமைப்பிலும் வந்த கோளாறுகளுக்குப் பெரும் காரணம் அலையல்ல, மின்சாரத்தின் தரம். வோல்டேஜ் எகிறும்போது பவர் சப்ளையும் கம்பி நுழையும் முனையும் கருகின. வோல்டேஜ் இறங்கும்போது கருவி முழுதாக அணையாமல், பாதி உயிரில் திகைத்து நின்றது. யாராவது போய் அணைத்துப் போட்டால்தான் மீளும். சர்க்யூட் பழுதா, கணினி பழுதா, அலை பழுதா என்று பிரித்துப் பார்க்க மையத்தில் இருந்தவர்களுக்கு வழி இல்லை. வெளியூரிலிருந்து ஆள் வரும் வரை காத்திருந்தார்கள்.

மும்முனை மின்சாரம் வந்ததும் அக்கம்பக்கத்துக் கிணற்று மோட்டார்கள் ஒரே நேரத்தில் ஓடத் தொடங்கும் தோட்டத்தில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆகவே ரேடியோவை மின்வாரியக் கம்பியில் நேராக மாட்டாதீர்கள். மின்சாரம் பேட்டரியை ஏற்றட்டும். பேட்டரி ரேடியோவை ஓட்டட்டும்.

கணக்கு எளிது. நடு முனையில் மூன்று வெளிப்புற ரேடியோக்களும் ஒரு ரவுட்டரும் சேர்ந்து 30 வாட் எடுக்கும் என்று வையுங்கள். ஒரு நாளைக்கு 720 வாட்-மணி. 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி ஈய பேட்டரியில் இருப்பது 1,200. ஆயுள் குறையாமல் எடுக்கக்கூடியது பாதி, அதாவது 600. ஆக ஒரு பேட்டரி 20 மணி நேரம் தாங்கும். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகையில் எண்பது சதவீதம் எடுக்கலாம் என்பதால் 32 மணி நேரம். விலை கூடுதல்தான், ஆனாலும் நான் அதையே பரிந்துரைக்கிறேன். சூரியத் தகடு வைத்தால் 250 வாட் வேண்டும். இன்வெர்ட்டர் வேண்டாம், பன்னிரண்டை இருநூற்று முப்பதாக்கி மறுபடி இருபத்து நாலாக்குவதில் மின்சாரம் வீணாகும். பல ரேடியோக்கள் 24 வோல்ட்டில் ஓடுபவை. இரண்டு பேட்டரிகளைத் தொடராக இணைத்தால் நேரடியாகக் கொடுக்கலாம். பேட்டரி வறண்டு சாவதற்குள் தானாகத் துண்டிக்கும் கட்டுப்படுத்தியை விட்டுவிடாதீர்கள். ரேடியோ பாதி உயிரில் திகைக்கும் சிக்கலுக்கும் அதுவே மருந்து.

அடுத்தது இடி. சித்திரை, வைகாசிக் கோடை மழையும் ஐப்பசி மழையும் தென்னந்தோப்பில் என்ன செய்யும் என்று உங்களுக்குத் தெரியும். கம்பத்துக்குத் தனி எர்த் குழி தோண்டி, தடிமனான கம்பியால் வளைவில்லாமல் இறக்குங்கள். ரேடியோவுக்குப் போகும் கேபிள் உலோக உறையுள்ளதாக இருக்கட்டும். நீளம் 100 மீட்டரைத் தாண்டக் கூடாது. வீட்டுக்குள் நுழையும் இடத்தில் சர்ஜ் தடுப்பான் வைத்து அதையும் அதே எர்த்தில் சேருங்கள். இரண்டு எர்த்தையும் தனித்தனியாக விட்டால் இடியின் மின்சாரம் கருவியின் வழியாகத்தான் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் பாயும். பெட்டிக்குள் கேபிள் கீழ்ப்பக்கமிருந்து நுழையட்டும். நுழையும் முன் சற்றுத் தொங்கி ஏறட்டும், தண்ணீர் அங்கே சொட்டிவிடும். ஓட்டைகளைச் சிலிக்கான் பசையால் அடையுங்கள். சூடான பெட்டியில் எறும்பு கூடு கட்டிவிடும்.

பணமும் ஆளும்

மதுரைக்கு அருகே மேலூர் வட்டாரத்தில் 2001இல் ஒரு பெரிய முயற்சி நடந்தது. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழு உருவாக்கிய கார்டெக்ட் என்ற கம்பியில்லாத் தொழில்நுட்பத்தால் ஊர் ஊராக இணைய மையங்கள் திறந்தார்கள். எம்.ஐ.டி., ஹார்வர்டு போன்ற இடங்களின் பங்கும் இருந்தது. தொழில்நுட்பம் வேலை செய்தது. ஆனால் சில ஆண்டுகளில் பல மையங்கள் மூடப்பட்டன. மாத வருமானம் செலவைத் தாங்கவில்லை. பழுது பார்க்கவும் பக்கபலமாக நிற்கவும் அமைப்பு போதவில்லை. உங்கள் சங்கத்தில் எல்லோரும் இந்தக் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மாதக் கணக்கை முதலிலேயே போட்டுவிடுங்கள். கீழே உள்ளவை மாதிரி எண்கள். விலைகளை உங்கள் ஊரில் விசாரித்து மாற்றிக்கொள்ளுங்கள். நாற்பது வீடு. கருவிகளுக்கும் பேட்டரிக்கும் மொத்தம் 2,40,000 ரூபாய். நான்கு ஆண்டில் எல்லாவற்றையும் மாற்ற வேண்டியிருக்கும் என்று வைத்தால் மாதம் 5,000 ரூபாயைத் தனியாக எடுத்து வைக்க வேண்டும். இணைப்புக்கு 2,000. பராமரிப்பவருக்கு 6,000. ஆக 13,000; வீட்டுக்கு 325 ரூபாய். பாக்கி வைப்பவர்களையும் கணக்கில் சேர்த்து 350 என்று நிர்ணயிக்கலாம். அந்த 5,000 ரூபாயை ஒதுக்காமல் 200 ரூபாய்க்குத் தருகிறோம் என்று ஆரம்பித்தால் மூன்றாவது ஆண்டில் பேட்டரி சாகும்போது வலையமைப்பும் சாகும்.

100 எம்.பி.பி.எஸ். இணைப்பு ஒன்று நாற்பது வீட்டுக்குப் போதுமா? ஒரு வீடியோ சுமார் 3 எம்.பி.பி.எஸ். எடுத்தால் முப்பது வீட்டில் ஒரே நேரத்தில் பார்க்கலாம். இரவு எட்டு மணிக்கு நெரிசல் வரும். ரவுட்டரில் வீட்டுக்கு இவ்வளவு என்று வரம்பு வைத்துவிடுங்கள். வாய்க்கால் தண்ணீரை முறை வைத்துப் பாய்ச்சிப் பழகிய ஊருக்கு இது புதிதல்ல. மேல்மடைக்காரர் முழுத் தண்ணீரையும் திருப்பிக்கொண்டால் கடைமடை காயும், இங்கேயும் அதேதான். வரம்பைச் சங்கக் கூட்டத்தில் வைத்து, எல்லோர் முன்னிலையிலும் முடிவு செய்யுங்கள்.

பராமரிப்பவர் உள்ளூர்க்காரராக இருக்க வேண்டும். டிஜிட்டல் எம்பவர்மென்ட் பவுண்டேஷன் 2010இல் இன்டர்நெட் சொசைட்டியோடு சேர்ந்து தொடங்கிய கம்பியில்லா வலைத் திட்டம், மத்தியப் பிரதேசத்தின் சந்தேரி நெசவாளர் ஊர் உட்படப் பல இடங்களில், முறையான பொறியியல் படிப்பு இல்லாத உள்ளூர் இளைஞர்களைப் பழக்கியே ஓடியது. உங்கள் ஊரில் மோட்டார் காயில் கட்டுபவர், கேபிள் டி.வி.க்கு ஏறி இறங்கியவர், ஐ.டி.ஐ. முடித்த பெண் என யாராவது இருப்பார்கள். இரண்டு பேரைப் பழக்குங்கள். ஒருவர் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டால் மற்றவர் இருப்பார். உயரத்தில் ஏறுபவருக்கு இடுப்புப் பட்டை வாங்காமல் ஏறச் சொல்லாதீர்கள். விபத்துக் காப்பீடும் சங்கத்தின் செலவு.

வெளி இணைப்பு அறுந்தாலும் ஓட வேண்டியவை

மொத்த இணைப்பு அறுந்துபோனாலும் ஊருக்குள் இருக்கும் ரேடியோ வலை உயிரோடுதான் இருக்கும். அதைப் பயன்படுத்துங்கள். ஒரு சிறு கணினியில் பள்ளிப் பாடநூல்கள், ஏல விலைப் பட்டியல், ஊர் அறிவிப்புகள் ஆகியவற்றை வைத்தால் இணையம் இல்லாமலே எல்லா வீட்டிலும் திறக்கும்.

எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998இல் புதுச்சேரியின் வில்லியனூரை மையமாக வைத்துக் கிராமத் தகவல் மையங்களைத் தொடங்கியபோது இதைப் புரிந்து வைத்திருந்தது. தொலைபேசிக் கம்பியை நம்பாமல் வி.எச்.எஃப். ரேடியோவால் ஊர்களை இணைத்தார்கள். சூரிய மின்சாரமும் வைத்தார்கள். வீராம்பட்டினம் மீனவர்களுக்கு அலையின் உயரத்தை ஒலிபெருக்கியில் சொன்னார்கள். 2004 டிசம்பர் 26 அன்று நல்லவாடு கிராமத்தில், சிங்கப்பூரிலிருந்து ஒருவர் தொலைபேசியில் எச்சரித்ததும், தகவல் மையத்தின் ஒலிபெருக்கி வழியாகச் சொல்லி ஊரையே கரையிலிருந்து வெளியேற்றினார்கள். ஆழிப்பேரலை வந்தபோது ஊரில் ஆள் இல்லை. காவிரிக் கரை ஊருக்கு இதில் நேரடியான பாடம் இருக்கிறது. மேட்டூரிலிருந்து உபரி நீர் திறந்துவிடும் நாட்களில் தாழ்வான தோட்டங்களுக்கு எச்சரிக்கை சேர்க்க, ஒவ்வொரு ரேடியோ முனையிலும் ஒரு ஒலிபெருக்கியைச் சேர்க்கலாம். கூடுதல் செலவு சிறியது. முதல் திட்டத்திலேயே சேர்த்துவிடுங்கள்.

எப்போது தொடங்குவது

ஐப்பசி, கார்த்திகையில் மழை விட்ட நாட்களில் பாதைகளை அளந்து எழுதி வையுங்கள். ஜனவரி 26 கிராம சபையில் தொட்டிக்கான தீர்மானத்தைக் கேளுங்கள். மாசி, பங்குனியில் கம்பம் நட்டு, முதலில் ஐந்து வீட்டுக்கு மட்டும் கொடுத்து ஓட்டிப் பாருங்கள். மற்ற முப்பத்தைந்து வீட்டுக்காரர்கள் அவசரப்படுத்துவார்கள். ஒரு கோடை இடிமழையைத் தாங்கி நின்ற பிறகே அவர்களிடம் முன்பணம் வாங்குங்கள். எர்த் குழி மட்டும் சித்திரை பிறப்பதற்குள் முடிந்திருக்க வேண்டும்.